அலமாரி திறக்கும் வேகம்

நாத்தனார் போன் செய்தபோது, ஒரு பல் டாக்டரின் இணையதளத்தில் அவருடைய போன் நம்பரைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். பதினைந்து வருடமாக நான் செய்துவரும் வேலையின் சாரமே அதுதான். பல் டாக்டர், கார் ஓட்டக் கற்றுத்தருபவர், குழாய் ரிப்பேர் செய்பவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி, தட்டையாக, சுத்தமாக ஒரு பக்கம். மேலே நம்பர், கீழே முகவரி. நான் செய்த எதையும் யாரும் இரண்டாம் முறை பார்த்ததில்லை. முதல் முறை பார்த்ததும் நம்பருக்காகத்தான்.

"ஏம்மா, ஒரு வெப்சைட் அனுப்பியிருக்கேன், பாரு."

நாத்தனார் என் கணவரின் அக்கா. மர அலமாரிக் கடை வைத்திருக்கிறார். அவர் 'பாரு' என்றால் போனை வைக்காமலேயே பார்க்க வேண்டும். பார்த்தேன். ஒரு கைக்கடிகாரம். பக்கத்தைக் கீழே உருட்ட உருட்ட அது மெல்லத் திரும்பியது. கண்ணாடி தனியாக, முள் தனியாக, பல்சக்கரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, அந்தரத்தில் மிதந்து, கையை நீட்டினால் எடுத்துவிடலாம் போல முன்னால் வந்து நின்றன.

"நம்ம அலமாரியும் இப்படி வரணும். புதுக் கடை திறப்பு அன்னிக்குப் பெரிய டி.வி.ல போட்டுக் காட்டணும். மூணு வாரம் இருக்கு. உனக்கு இதெல்லாம் வருமா, இல்ல வெளிய குடுத்துடவா? என் சிநேகிதி மகன் ஒருத்தன் இருக்கான். ஷூவையே பறக்க விட்டிருக்கான்."

"வரும், அண்ணி," என்றேன்.

எனக்கு வராது. அதுவரை நான் திரையில் எதையும் பறக்க விட்டதில்லை. பிறகு ஏன் அப்படிச் சொன்னேன் என்று போனை வைத்தபின் யோசித்தேன். எந்த விசேஷத்திலும் நாத்தனார் எங்கள் குடும்பத்தை வரிசையாக அறிமுகப்படுத்துவார். இவர் இன்ஜினியர், இவள் பேங்க், இவன் வெளியூரில் பெரிய வேலை. என்னிடம் வரும்போது மட்டும் அவருடைய கை லேசாகச் சுழலும், ஈ ஓட்டுவதுபோல. "இவ வீட்லதான் இருக்கா. கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணுவா." எனக்கு வேறெதுவும் வேண்டாம். ஒரே ஒரு முறை, நாலு பேர் முன்னால், நான் செய்த ஒன்றைப் பார்த்து நாத்தனார் வாயடைத்து நிற்க வேண்டும். அவர் வாயடைத்து நான் பார்த்ததே இல்லை என்பதால் அந்த ஆசை இன்னும் பெரிதாக இருந்தது.

"அக்காகிட்ட 'வரும்'னு சொல்லிட்டியா?" என்றார் கணவர். "அவகிட்ட ஒரு தடவையாவது 'வராது'னு சொல்லணும்னு நாப்பது வருஷமா பாக்கறேன். வாய் வர மாட்டேங்குது. உனக்கும் ஒட்டிக்கிச்சு."

படுக்கையறை மூலையில் இருக்கும் என் மேஜையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் தெரிந்து நிம்மதியாக இருந்தது. திரையில் முப்பரிமாணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. எல்லாம் தட்டைதான், என் பல் டாக்டரைப் போல. ஒன்றின் பின் ஒன்றாகப் படங்களை அடுக்கி, முன்னால் இருப்பதை வேகமாகவும் பின்னால் இருப்பதை மெதுவாகவும் நகர்த்தினால் போதும். ரயில் ஜன்னலில் பார்க்கிறோமே, பக்கத்து மரம் ஓடும், தூரத்து மலை சும்மா உட்கார்ந்திருக்கும். கண் ஏமாறுவதற்குத் தயாராகவே இருக்கிறது. யாராவது ஏமாற்ற வந்தால் போதும்!

கடைக்குப் போய் ஐந்து கதவு அலமாரி ஒன்றைப் பிரித்துப் பிரித்துப் படம் எடுத்தேன். கதவு, அதன் கீல், கண்ணாடி, இழுப்பறை, கைப்பிடி. நாத்தனாரின் கணவர் விளக்கைப் பிடித்துக்கொண்டார். மனைவி எதைச் சொன்னாலும் தலையை மேலும் கீழும் ஆட்டுவதால், அவருக்குக் குடும்பத்தில் தலையாட்டி என்று பெயர். கடைத் தச்சர் மட்டும் முகம் சுளித்தார்.

"கீலை எதுக்கும்மா படம் எடுக்கறீங்க? அது வெளிய தெரியக் கூடாதுன்னுதானே நான் இவ்வளவு பாடுபட்டேன்."

அலமாரி எவ்வளவு கொள்ளும் என்று காட்ட வேண்டும் என்பது நாத்தனாரின் கட்டளை. ஆகவே வீட்டில் ஏணி மேல் நின்று, கணவர் ஒரு போர்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கப் பிரிக்க, இருபத்துநாலு படம் எடுத்தேன். அதேபோல ஆறு சட்டை, நாலு துண்டு, ஒரு மெத்தை விரிப்பு. பக்கத்தை உருட்டும்போது ஒரு படம் போய் அடுத்த படம் வரும். கதவு திறக்கும், இழுப்பறைகள் முன்னால் மிதந்து வரும், துணிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து அந்தரத்தில் விரியும். கடைசியில் கடையின் நம்பர்.

இரண்டரை வாரத்தில் முடித்துவிட்டேன். விரலால் நாலு சுற்றுச் சுற்றினால் கதவு ஒரு விரற்கடை திறந்தது. இன்னும் நாலு சுற்றில் இன்னொரு விரற்கடை. அந்த நிதானம் எனக்கே பிடித்திருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நான்கூட அவ்வளவு நிதானமாக வந்து நின்றதில்லை. "அசத்திட்டேம்மா," என்றார் கணவர். போர்வை அவர் பிரித்தது என்பதால் அந்தப் பாராட்டில் பாதியைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

திறப்புக்கு முதல் நாள் காலை பதினோரு மணிக்குப் புதுக் கடையில் ஒத்திகை. கட்டில் அகலத்துக்கு ஒரு டி.வி. எல்லா அலமாரிகளிலும் பாலிஷ் வாசம். நாத்தனார் புது மவுஸ் ஒன்றை அட்டைப் பெட்டியிலிருந்து பிரித்து எடுத்து, அதன் சக்கரத்தில் ஆள்காட்டி விரலை வைத்து ஒரு தட்டுத் தட்டினார்.

அலமாரி வெடித்தது. வேறு சொல் தெரியவில்லை. ஐந்து கதவும் ஒரே நேரத்தில் படாரென்று திறந்தன, இழுப்பறைகள் எங்கள் முகத்தை நோக்கிப் பாய்ந்தன, சட்டைகளும் துண்டுகளும் கொத்தாகப் பறந்து மறைந்தன. ஒரு நொடிக்குள் டி.வி.யில் கடையின் நம்பர் மட்டும் நின்றது. தச்சர் இரண்டடி பின்வாங்கியிருந்தார்.

"ஏம்மா," என்றார் நாத்தனார் நிதானமாக, "அலமாரிக்குள்ள திருடன் புகுந்துட்டானா?"

பிறகு தன் கணவர் பக்கம் திரும்பினார்.

"இதப் பார்த்தா வாங்க வர்றவன் போலீசுக்குப் போன் பண்ணுவான். என்னங்க, நீங்க சொல்லுங்க, நல்லாவா இருக்கு?"

தலையாட்டி, எனக்குத் தெரிந்து முதல் முறையாக, தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

நான் அந்தப் புது மவுஸைக் கையில் எடுத்தேன். சக்கரத்தைத் தொட்டதுமே புரிந்துவிட்டது. என் வீட்டு மவுஸுக்கு ஒன்பது வயது. அதன் சக்கரம் தேய்ந்துபோய், நாலு முறை சுற்றினால் ஒரு முறைதான் பிடிக்கும். மேல்நோக்கிச் சுற்றினால் பிடிக்கவே பிடிக்காது. பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் நான் விசைப்பலகையில் ஒரு பொத்தானை அழுத்திக்கொள்வேன். கணவர் எத்தனையோ தடவை புதுசு வாங்கித் தருகிறேன் என்றார். 'இதுவே போதும்' என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்குள் ஒரு சின்னப் பெருமை உண்டு, எதையும் கேட்காதவள் என்று. இப்போது பார்த்தால், மூன்று வாரமாக உலகத்தில் உள்ள எல்லா விரல்களும் என் ஓட்டை மவுஸில்தான் இருக்கின்றன என்று நினைத்து, அதற்கு அளவெடுத்து ஓர் அலமாரியைத் தைத்திருக்கிறேன். இருக்கிற குறைக்குப் பழகிக்கொள்வது ஒரு நல்ல குணம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அது அடுத்தவர் முகத்தில் இழுப்பறையை எறியும் என்று தெரியாது.

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன், அண்ணி."

"இல்லன்னா அந்த ஷூக்காரப் பையனைக் கூப்பிடவா? அவன் இன்னிக்கு வீட்லதான் இருக்கானாம்."

"வேண்டாம்."

அந்தச் சொல் கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. நாத்தனார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலிகளை எண்ணப் போனார்.

கண்ணாடி மேஜையோடு விற்கும் ஒரு முக்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் கதவு அதன் வேகத்தில்தான் திறக்க வேண்டும். சரி, கதவின் வேகம் என்ன? தச்சரைக் கேட்டேன்.

"யாருக்குத் திறக்கணும்? வாங்க வர்றவங்களுக்கா, வாங்கிட்டுப் போனவங்களுக்கா?"

"ரெண்டும் காட்டுங்களேன்."

வாங்க வருபவராக ஒரு முறை திறந்தார். கைப்பிடியைத் தொட்டு, கொஞ்சம் தயங்கி, உள்ளே யாரோ தூங்குவதுபோல. மூன்று நொடி. பிறகு வாங்கிப்போனவராக ஒரு முறை. டமார், அரை நொடி. "ஆறு மாசத்துல கீல் போச்சுன்னு வருவாங்க," என்றார்.

மூன்று நொடியை வைத்துக்கொண்டேன். கதவுக்கு மூன்று, இழுப்பறைக்கு இரண்டு, போர்வை விரிய நாலு. சக்கரம் இனி அலமாரியிடம் 'போ' என்று மட்டும் சொல்லும், எப்படிப் போவது என்பது அலமாரியின் விருப்பம். நாலு மணிக்கு நாத்தனார் வந்து சக்கரத்தை விர்ரென்று சுழற்றிப் பார்த்தார். கதவு அசராமல் திறந்தது. இன்னும் பலமாகச் சுழற்றினார். அது தன் போக்கில் திறந்துகொண்டே இருந்தது.

"என்னது இது, நான் சொல்றதைக் கேக்கவே மாட்டேங்குது?"

தலையாட்டி சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

"பரவால்ல. நாளைக்குப் பாப்போம்," என்றார் நாத்தனார். எங்கள் குடும்பத்தில் அதற்குத் தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது என்று பொருள்.

மறுநாள் காலை கடை நிறைய ஆட்கள். உறவினர்கள், பழைய வாடிக்கையாளர்கள், எதிர்க் கடைக்காரர்கள். நான் பின்வரிசையில், ஒரு கட்டிலை ஒட்டி நின்றிருந்தேன். நாத்தனார் டி.வி. முன்னால் நின்று சக்கரத்தை உருட்டினார். கதவுகள் திறந்தன. இழுப்பறைகள் மிதந்து வந்தன. போர்வை ஆகாயத்தில் விரிந்தது. "நல்லாருக்கே," என்றார்கள் சிலர். ஒருவர் கொட்டாவி விட்டதையும் பார்த்தேன். எதிர்க் கடைக்காரர், "ஷூ பறக்கறது பார்த்திருக்கீங்களா? அது இன்னும் ஜோரு," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

முன்வரிசையில் இருந்த நாத்தனாரின் சின்ன மாமியார், அப்போதுதான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "நான் சரியாப் பாக்கல, முதல்லேருந்து காட்டு," என்றார்.

நாத்தனார் சக்கரத்தை மேல்நோக்கி உருட்டினார்.

விரிந்திருந்த போர்வை இரண்டாக மடிந்தது. பிறகு நாலாக, எட்டாக. ஒரு சுருக்கம் இல்லாமல் தானே மிதந்து போய் மேல் தட்டில் உட்கார்ந்தது. சட்டைகள் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக உள்ளே போயின. துண்டுகள் அவற்றின் பின்னால். இழுப்பறைகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கி மூடிக்கொண்டன. கடைசியாக ஐந்து கதவும், எந்த அவசரமும் இல்லாமல், சாத்திக்கொண்டன.

நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன. முக்கியமாகப் பெண்கள் பக்கம்.

"தானா மடிச்சு... தானா உள்ள போகுதுடி," என்றார் சின்ன மாமியார், கோவிலில் பேசுவதுபோன்ற குரலில்.

"இன்னொரு தடவை," என்றது ஒரு குரல். "அந்தச் சட்டை உள்ள போற எடத்தை." "ஏய் தள்ளு, நான் பண்றேன்." ஒருவர் பின் ஒருவராக வந்து மேல்நோக்கி உருட்டினார்கள். யாருக்கும் அலமாரி திறப்பதில் ஆர்வமில்லை. மூடுவதற்காகவே அதைத் திறந்தார்கள். ஆண்கள் ஓரமாக நின்று இதில் என்ன இருக்கிறது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நானும் அதை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் நாத்தனார் மவுஸைத் தன் பக்கம் இழுத்து, தனக்காக ஒரு முறை உருட்டினார். போர்வை உள்ளே போகும்வரை பார்த்தார். இன்னொரு முறை. அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. பிறகு கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, கையால் அழைத்தார்.

"இதை எப்படிம்மா பண்ணுன?"

மூன்று வாரமாக, இல்லை, பதினைந்து வருடமாக நான் காத்திருந்த கேள்வி. கதவு திறப்பதைப் பற்றிக் கேட்டிருந்தால் மணிக்கணக்கில் பதில் வைத்திருந்தேன். பொய் நாக்கின் நுனிவரை வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தபோது, அதில் சண்டைக்கு ஆள் யாரும் இல்லை. களைத்த ஒரு பெண்தான் இருந்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணல, அண்ணி. திறக்கற மாதிரி செஞ்சா, திருப்பி உருட்டும்போது மூடறது அதுவா வந்துடும்."

நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சும்மா இரு. நம்ம வீட்டுல இத்தனை வருஷத்துல எந்தத் துணியாவது அதுவா மடிஞ்சு உள்ள போயிருக்கா? யாரோ ஒருத்தி பண்ணாம?"

அவர் தன் நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்துத் தலையாட்டியின் கையில் கொடுத்தார்.

"உக்காரு இங்க. நின்னுட்டே இருக்கே, காலைலேருந்து."

உட்கார்ந்தேன். சின்ன மாமியார் தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, நாத்தனார் பாதியில் விட்டிருந்த திரையிலிருந்து கண் எடுக்காமல், என் முழங்கையை இடித்தார்.

"அந்த மெத்தை விரிப்பு ஒண்ணு வெளியவே கெடக்கு பாரு. அதையும் உள்ள போட்டுடும்மா."

மேல்நோக்கி உருட்டி, உள்ளே போட்டேன்.