முப்பத்தைந்தும் சைபரும்

...மறுபடி கூட்டினாலும் முப்பத்தைந்துதான், கூட்டல் மாறவா போகிறது, இருபத்தாறு வருஷம் டைம் ஆபீசில் வருகைப்பதிவு மஸ்டர் எழுதிய கை, ஆனால் அங்கே கூடினால் நல்லது, ஓவர்டைம். இந்த நாய்ப் போட்டியில் கூடினால் கெடுதல், குறுக்குக் கம்பைத் தட்டினால் ஐந்து, தடையின் முன் முரண்டு பிடித்தால் ஐந்து, நேரம் தாண்டினால் நொடிக்கு ஒன்று, எல்லாம் தவறுப் புள்ளி, குறைந்த நாய்க்கே கோப்பை... காலையில் நடுவர் தேவயானி இதைச் சொன்னபோது, தாளில் புள்ளி எழுத உட்கார்ந்த இசக்கிமுத்து மூன்று முறை கேட்டுக்கொண்டார், ஏனென்றால் டவுன்ஷிப் மைதானத்தில் ஓடப்போகும் நாய்களில் ஒன்று சீஃப் மேனேஜர் சக்கரபாணியின் சீசர், முட்டிவலிக்குக் கீழ்த்தள குவார்ட்டர்ஸ் கேட்டு இவர் எழுதிய மனு எட்டு மாதமாகத் தூங்குவதும் அதே சக்கரபாணியின் மேஜையில். சீசரோ மூன்று கம்பை உருட்டி, குழாய்க்குள் நுழைய இரண்டு முறை மறுத்து, ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி பத்து நொடி தாமதமாக வெளியே வந்தது... டைம் ஆபீசில் பத்து நிமிஷம் கிரேஸ் உண்டு, நாய்க்கு உண்டா, கேட்டிருக்கலாமோ?

பின்னால் சென்ட் வாசனை. சக்கரபாணி குனிந்து தாளைப் பார்த்தார். "முப்பத்தஞ்சா? நம்ம சீசருக்கா?" இசக்கிமுத்து தலையை ஆட்டினார். "பரவாயில்லையே இசக்கி. அந்தச் செவலை நாய்க்கு எவ்வளவு?" "சைபர் சார்." "அடப் பாவமே. ஒரு ஆறுதல் பரிசு குடுக்கச் சொல்லுங்க, ஏழைங்க மனசு நோகக் கூடாது." காலரைச் சரிசெய்துகொண்டு கோப்பைக்குப் பக்கத்தில் போட்டோவுக்கு நின்றுவிட்டார். காதோடு சொல்லிவிடலாமா, சொன்னால் வீடு போச்சு, மேடையில் தெரிந்தால் வீட்டோடு மானமும்... தவறுப் புள்ளி என்று தாளின் தலைப்பில் கொட்டை எழுத்தில் இருக்கிறதே, இந்த மனுஷன் எப்படிப் பார்க்காமல் போனார்? பார்த்தால், அதன்மேல் ஒரு கட்டைவிரல், யாருடையது, இசக்கிமுத்துவுடையதேதான், எப்போது போய் உட்கார்ந்தது?

செவலைக்காரி மலர்கொடி, மந்தாரக்குப்பம், கேன்டீனில் கான்ட்ராக்ட் வேலை, மேஜையை விட்டு நகரவில்லை. "சைபர்னா மொதப் பரிசுன்னு அந்த ஜட்ஜம்மா சொல்லிக்கினு போறாங்க சார். நீங்க பாட்டுக்கு ஒரு அஞ்சைச் சேத்துடாதீங்க, நல்லா இருப்பீங்க." பேனா கையில்தான் இருந்தது, ஒரே ஒரு ஐந்து, ம்ஹூம், ஐந்து போட்டாலும் முப்பத்தைந்து ஜெயிக்காதே, என்ன கணக்கு இது... தேவயானி கையை நீட்டினார், தாள் இருந்தபடியே போய்விட்டது, மைக் கரகரத்தது, சக்கரபாணி சிரித்த முகத்தோடு ஒரு அடி முன்னால் வைத்தார், வைக்கட்டும், இசக்கிமுத்துவுக்கு இப்போது வேறு ஒன்று குடைந்தது, போன வருஷம் இவருடைய ஆண்டு ரிப்போர்ட்டில் சக்கரபாணி ஒன்பது போட்டதை எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல மார்க் என்று இவர் வீட்டுக்கு அரைக்கிலோ அல்வா வாங்கிப் போனாரே... அந்தத் தாளின் தலைப்பிலும் ஒரு கட்டைவிரல் இருந்ததோ?