காது பார்க்கும் வேலை

ஆளை அடையாளம் காணும் அறிவில் உலகத்தின் தலைமையிடம் காமயகவுண்டன்பட்டி. அங்கே தலைவர் திராட்சை மண்டி ஈஸ்வரபாண்டி. இதில் அவருக்கே சந்தேகம் கிடையாது. டவுன் பஸ்ஸில் முதுகைக் காட்டி நிற்பவரின் பரம்பரையைச் சொல்லிவிடுவார். தப்பாக இருந்தால் அந்தப் பரம்பரை எதையோ மறைக்கிறது என்று பொருள்.

அவருடைய அக்கா மகள் நாகஜோதி ஜெர்மனியில் தடயவியல் மானிடவியல் படித்து அங்கேயே வேலை பார்ப்பவள். விடுமுறைக்கு வந்தவள் மண்டிக்கும் வந்தாள்.

"எலும்பு டாக்டராமே ஆத்தா?"

"டாக்டர் இல்ல மாமா. எலும்ப வச்சு ஆணா பொண்ணா, வயசு என்னன்னு சொல்லுவோம். எலும்பு எப்பவாச்சுந்தான் வரும். நெறைய வாரது ரோட்டு கேமரா படம். வேகமாப் போனவுக, 'படத்துல இருக்குறது நான் இல்ல'ம்பாக. காது, மூக்க ஒப்பிட்டுப் பாருன்னு கோர்ட்டுல கூப்புடுவாக."

"காதயா? மாசச் சம்பளமா?"

"ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூணுலயுமே இதுக்குன்னு நிரந்தர வேல கொஞ்சந்தான். சட்ட மருத்துவ டாக்டருக பக்கத்துல ஒரு மேச கெடச்சாலே பெருசு. மத்தவுக, கோர்ட்டு கூப்புட்டாப் போவோம்."

"காது பாக்கவா ஏரோப்பிளேன் ஏறுன? நம்ம ஆசாரிகூடக் காது பாத்துத்தான் கம்மல் மாட்டுறாரு. அவரு இங்கனயேதான இருக்காரு!"

மண்டி சிரித்தது. நாகஜோதியும் சிரித்தாள்.

மறுநாள் நோட்டீஸ் வந்தது. ஈஸ்வரபாண்டியின் மினி லாரி தேனி சாலையில் அதிவேகமாகப் போயிருக்கிறது. ஓட்டியவர் கையில் போன். படத்தில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பாதி முகம், ஒரு காது.

"கர்ணனேதான். அவன் தொப்பிதான அது? ஏலே, சாவியக் குடு. நாளையிலருந்து வராத."

கர்ணன் பதினோரு வருஷமாக அந்த வண்டியின் டிரைவர்.

"மொதலாளி, அன்னைக்கு நான் லீவு. கடமலைக்குண்டுல வீட்டுல கெடந்தேன். தொப்பி எப்பவும் வண்டியிலதான கெடக்கும்? பொய் சொல்லி மாட்டுனவன்னு வெளிய போனா வேற எந்த மண்டியில என்னயச் சேப்பாக?"

நாகஜோதி நோட்டீஸைக் கையில் வாங்கினாள். கர்ணனை அதே தொப்பியோடு ஸ்டியரிங் பிடித்து உட்காரச் சொன்னாள். திராட்சைப் பெட்டிகளை அடுக்கி, கேமரா உயரத்துக்கு ஏறி நின்று, நோட்டீஸில் உள்ள அதே கோணம் வரும்வரை ஒரு மணி நேரம் படம் எடுத்தாள்.

"கல்யாண ஆல்பம் முடிஞ்சுச்சா?" என்றார் மாமா.

"முடிஞ்சுச்சு. நோட்டீஸ்ல உள்ளவருக்குக் காதோட அடிப்பக்கம் தனியாத் தொங்குது. கர்ணண்ணனுக்குக் கன்னத்தோட ஒட்டியிருக்கு."

"மத்ததெல்லாம் ஒத்துப்போகுதுல்ல?"

"நூறு ஒத்துப்போனாலும் இவுகதான்னு சொல்ல யோசிப்போம் மாமா. கோணம், வெளிச்சம்னு காரணம் சொல்ல முடியாத வித்தியாசம் ஒண்ணு இருந்தாப் போதும், இவுக இல்ல."

"எழுதிக் குடுப்பியா?"

"ஜட்ஜு முன்னாடி நின்னு சொல்லுறவ, ஒங்க மண்டிக்கு எழுதித் தர மாட்டனா?"

திராட்சை அடுக்கிக்கொண்டிருந்த சங்கிலியம்மாள் நிமிர்ந்தாள். "ஜெர்மனிக்காரனுக்கே ஆள் யாருன்னு எங்கூருப் பிள்ளதான் சொல்ல வேண்டியிருக்கு! மொதலாளி, சாவிய அவருட்டக் குடுங்க."

சாவி கர்ணன் கைக்குத் திரும்பியது. அதை வாங்கிக்கொண்டு அவன் நாகஜோதியைக் கும்பிட, அவள் பதறிப் பெட்டியிலிருந்து குதித்தாள். சாயங்காலம் டீக்கடையில், "மூணு நாட்டுக்கும் இந்த வேலைக்கு ஆளே கெடைக்கல, எங்க அக்கா மகளத்தான் அனுப்பி வச்சிருக்கோம்" என்று ஈஸ்வரபாண்டி அறிவித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்ற நாகஜோதியிடம் குரலைத் தாழ்த்தினார். "அப்ப ஓட்டுனது யாரு?"

"தெரியாததச் சொல்ல மாட்டோம் மாமா. கர்ணண்ணன் லீவுன்னா சாவி எங்கன இருக்கும்?"

"எங்க வீட்டு ஆணியில..." என்றவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

மண்டியில் யாரும் இல்லை. மகன் மதன்குமார் மட்டும் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, லாரியில ஏறி உக்காரு. அந்தத் தொப்பியப் போடு."

"எதுக்குப்பா?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். பெட்டி மேல் பெட்டி வைத்து ஏறி, போனை இரண்டு கையாலும் பிடித்தார்.

"கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பு. ம்... தொப்பியக் காதுக்கு மேல ஏத்து."