மூன்றாவது தடவை அதே படம்

சாலை மறியலின் இரண்டாம் நாள் காலையில் பஸ் டிரைவர் அதே படத்தை மூன்றாவது தடவை போட்டார். அவர் வைத்திருந்த பென் டிரைவில் அது ஒன்றுதான் முழுதாக ஓடியது. மற்ற படங்களெல்லாம் பாதியில் நின்று பச்சைக் கோடுகளாகிப் போயின. எங்களுக்கு முன்னால் நூற்றுக்கணக்கில் லாரிகள், அதற்கும் அப்பால் ஆற்றுப் பாலம், பாலத்தின் தலைமாட்டில் வெட்டிப் போட்ட மரங்களும் பாறாங்கற்களும். யார் எதற்காக மறிக்கிறார்கள் என்று முதல் நாள் விசாரித்தோம். இரண்டாம் நாள் அதில் யாருக்கும் அக்கறை இல்லை. ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் வேக்காடு. மலை ஊரான கொச்சபம்பாவிலிருந்து ஸ்வெட்டரோடு இறங்கிவந்த நாங்கள் நாற்பது பேரும் இந்தக் காட்டுப் புழுக்கத்தில் பனிப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உறைந்த கடலில் ஒரு கப்பல் சிக்கிக்கொள்கிறது. கேப்டன் இரண்டு வருடம் நாய்களோடு நடந்து ஊர் திரும்புகிறான். கரையில் மனைவி காத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

"எல்லாரையும்விட அந்தக் கறுப்பு நாய்தான் நல்லா நடிச்சிருக்கு" என்றாள் எதிர் இருக்கை காசிமிரா அக்கா. பாலாடைக்கட்டி வியாபாரி. அவள் கொண்டுவந்த கூடை இரண்டு நாளாக மணத்துக்கொண்டிருந்தது. "இருந்தாலும் துருக்கி சீரியல் மாதிரி வராது. அதுல ஒருத்தி அழுதா நமக்கும் அழுகை வரும். இதுல அழுதா கண்ணீரே உறைஞ்சு போகுது, என்னத்த அழறது?"

பஸ்ஸே சிரித்தது. என் கணவர் ருஃபினோ மட்டும் திரும்பி முறைத்தார். படம் ஓடும்போது யாரும் பேசக்கூடாது அவருக்கு.

வீட்டிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து படம் வாங்கி வருவார். நான் அடுப்பில் வேர்க்கடலை சூப்பை வைத்துவிட்டு இங்கும் அங்குமாகப் பார்ப்பேன். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி "எலோடியா, படம் எப்படி?" என்று என்னைத்தான் கேட்பாள். "அவளுக்கு ரொம்பப் பிடிச்சது" என்று அவர் பதில் சொல்வார். பத்தொன்பது வருடமாக எனக்கு எல்லாப் படமும் பிடித்திருக்கிறது. கெட்ட மனிதர் இல்லை, கை நீட்டியதில்லை. ஆனால் எது எனக்கு உண்மையிலேயே பிடிக்கும் என்பது எனக்கே தெரியாமல் போய்விட்டது. அதை நினைத்தால் ஆத்திரமாக வரும். யார்மேல் என்றுதான் தெரியாது.

முப்பத்தேழு வயதில் உதவி நர்ஸ் படிப்பில் சேர்ந்தேன். படித்து முடித்து, மலைக்குக் கீழே சாந்தா குரூஸ் நகரத்தில் ஒரு மருத்துவமனையின் பட்டியலில் என் பெயர் முதலாவதாக வந்தது. நாளைக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குள் அடையாள அட்டையோடு நேரில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். இல்லையென்றால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். "துணைக்கு வர்றேன்" என்று ருஃபினோவும் கிளம்பினார். டிக்கெட் எடுக்கும்போது, "தொலைச்சிடுவ" என்று என் அட்டையை வாங்கி இடுப்புப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். மறியல் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்ததை நான் பார்த்தேன். "அமையலைன்னா விட்டுடணும். வழி விட்டதும் இதே பஸ்ஸுல ஊருக்குத் திரும்பிடலாம்" என்றார்.

காலையிலிருந்தே ஆட்கள் மூட்டையும் பிள்ளையுமாக இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கமும் இதேபோல் பஸ்கள் மாட்டிக்கொண்டு நின்றன. நடந்து போய்ச் சேர்கிறவர்களை ஏற்றிக்கொண்டு அவை சாந்தா குரூஸுக்கே திரும்பிக்கொண்டிருந்தன. ஐந்து கிலோமீட்டர் நடை. நான் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். வெயில் என்றார், பெட்டி கனம் என்றார், கடைசியில் "படத்தப் பாரு" என்றார்.

பார்த்தேன். மூன்றாவது தடவை என்பதால் கேப்டனை விட்டுவிட்டு அவன் மனைவியைக் கவனித்தேன். மூன்றே இடத்தில் வருகிறாள். மூன்று இடத்திலும் அதே ஜன்னல், அதே நீல கவுன். பனிக்கு நடுவில் அவனாவது நடக்கிறான்.

பதினொன்றரைக்குப் படம் முடிந்தது. டிரைவர் எழுந்து நின்று களைப்புக்கு மென்றுகொண்டிருந்த கோக்கா இலையை மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார்.

"நடந்து போறவங்க இப்பவே கிளம்பிடுங்க. ரெண்டு மணி பஸ்தான் அங்கேருந்து இன்னிக்குக் கடைசின்னு சொல்றாங்க. இருக்கறவங்களுக்கு இன்னொரு தடவை போடவா?" முன் இருக்கையில் இருந்த என்னைப் பார்த்தார். "என்ன தங்கச்சி, படம் பிடிச்சிருக்கா?"

"அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. போடுங்க" என்றார் ருஃபினோ.

"எனக்குப் பிடிக்கல" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ருஃபினோ என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, திகைப்புதான்.

"ரெண்டு வருஷம் அந்தப் பொம்பள என்ன சாப்பிட்டா? எங்க வேலைக்குப் போனா? அந்த கவுன எப்பத்தான் துவைச்சா? ஒண்ணுமே காட்டல. நாய்க்கு எவ்வளவு நேரம் குடுத்திருக்காங்க!"

"அப்படிச் சொல்லு!" என்று காசிமிரா அக்கா முழங்காலில் தட்டினாள். பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

"சினிமாவ சினிமாவா பாக்கத் தெரியல இவளுக்கு" என்று ருஃபினோ டிரைவரைப் பார்த்துச் சிரித்தார். டிரைவர் சிரிக்கவில்லை.

"என் கார்டைக் குடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"நான் நடக்கப் போறேன்."

"உக்காரு, எலோடியா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். குடுங்க."

பஸ்ஸில் மிச்சமிருந்தவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் கையேந்தி நிற்கிறோமே என்று கூசியது, ஆனாலும் கையை மடக்கவில்லை. அவர் ஜிப்பைத் திறந்தார். உள்ளே பார்க்காமலே எடுத்து என் கையில் எறிந்தார். "இந்தா, போ. தனியா எவ்வளவு தூரம் போறன்னு பாக்கறேன்."

அதை அப்படியே கையில் பொத்திக்கொண்டேன். வெள்ளைச் சீருடை இருந்த பையை மட்டும் எடுத்தேன். காசிமிரா அக்கா ஒரு துண்டு பாலாடைக்கட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தாள்.

லாரிகளின் ஓரமாக இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நடந்தேன். பின்னால் காலடி கேட்கிறதா என்று முதலில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். நெடுநாளாகத் தூக்கிய எதையோ இறக்கிவைத்ததுபோல் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பாலத்தின் வாயிலில் தடியோடு நின்ற மறியல்காரன் தடுத்தான். "கார்டைக் காட்டிட்டுப் போங்கம்மா. போலீஸ்காரன் சாதா உடுப்புல ஊடால வந்துடறான்."

பொத்திய கையை விரித்தேன். ரப்பர் பேண்டு போட்டு, இரண்டு அட்டை. என்னுடையதும் அவருடையதும்.

"யாரு இது?"

"என் வீட்டுக்காரர்."

"ஆளு எங்க?"

"பஸ்ஸுல."

"கார்டு இல்லாம அவரு இந்தப் பாலத்தைத் தாண்ட முடியாது. ஊருக்குத் திரும்பலாம்னாலும், அந்த ரோட்டுலயும் நாலு எடத்துல மறிச்சிருக்காங்க. கேப்பாங்க" என்றான் அவன், கரிசனமாகவே. பிறகு நகர்ந்து வழிவிட்டான். "நீங்க போங்க, சீக்கிரம்."

பாலத்தின் நடுவில் நின்றேன். அந்தக் கரையில் கடைசி பஸ்ஸின் என்ஜினை முடுக்கிவிட்டிருந்தார்கள். "சாந்தா குரூஸ்! சாந்தா குரூஸ்! ஏறு, ஏறு!" என்று ஒருவன் கத்தினான். திரும்பிப் போய் அவர் அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தால் அந்த பஸ் இருக்காது. திரும்பிப் பார்த்தால் லாரிகளின் வரிசை மட்டும் தெரிந்தது, எங்கள் பஸ் எது என்று தெரியவில்லை. ரப்பர் பேண்டை உருவி ஆற்றில் போட்டேன். இரண்டு நாள் புழுக்கத்தில் அட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டிப்போயிருந்தன. ஹாரன் அடித்தது. ஒரு ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, படம் உரிந்துவிடாமல், மெல்ல நெம்ப ஆரம்பித்தேன்.