தூளுக்குப் பொறுப்பு

சைனப்புக்கு நான் தரவேண்டியது நாற்பத்தாறு ரூபாய் எழுபத்தைந்து பைசா. கைநீட்டி வாங்கிய கடனில்லை. எங்கள் பட்டறையின் மரத்தூள் அவள் தைத்து அடுக்கியிருந்த வெள்ளை உள்பாவாடைகளில் படிந்தது. மழை ஈரத்தில் ஊறித் தேயிலைச் சாயம்போல் பிடித்துக்கொண்டது. மாட்டுங்கா ஜவுளிக்கடையில் ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு மூட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தாராவியில் எங்கள் பட்டறைக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே குடை விரிக்க முடியாத ஒரு சந்து. நான் நிற்பது ரந்தா மிஷினில். பலகையை உள்ளே கொடுத்தால் சுழலும் கத்தி மேல்பக்கத்தைச் சீவி, ஒரே கனமாக வெளியே தள்ளும். சீவலும் தூளும் நாலு பக்கமும் பறக்கும். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு, விழுகிற சீவல் மிஷின்காரனுக்கு. அள்ளி விற்றுக்கொள்ளலாம். அந்தக் காசில்தான் என் வீட்டு வாடகை நடந்தது.

சைனப் வந்து நியாயம் கேட்டபோது, முதலாளி கணேசபாண்டியன் அந்த வழக்கத்தையே என் பக்கம் திருப்பிவிட்டார்.

"என்ன வே பிச்சையா, சீவல வித்து நீரு திங்கேரு. தூளு மட்டும் என் தலையிலயா? நீரே குடுத்துரும்."

"நாலு ரூவா கூலிக்காரன் எங்க போவேன் மொதலாளி?"

"அது ஒம்ம பாடு."

சைனப் என்னைப் பார்த்தாள். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண்தான். புருஷன் இல்லாமல் ஒரு தையல் மிஷினை வைத்துப் பிழைக்கிறவள்.

"அண்ணே, கடைக்காரரு இன்னொரு லாட்டு குடுத்திருக்காரு. சனிக்கிழமை கொண்டுபோவணும். இதுலயும் தூளு விழுந்துச்சுன்னா முனிசிபாலிட்டிக்குத்தான் போவேன். பட்டறைய பந்த் பண்ணி சீல் வச்சிருவாங்க. அப்புறம் என்னைய ஏசாதீங்க."

அவள் போனதும் முதலாளி சொன்னார்: "சீல் விழுந்தா மொதல்ல வெளிய போறது நீருதான்."

அன்றிலிருந்து பலகை உள்ளே போகும்போதெல்லாம் கண் அவள் ஜன்னலுக்கே போனது. மிஷின் பக்கம் அப்படி வேறெங்காவது பார்த்தால் விரல் போய்விடும்.

பரணில் முதலாளியின் தம்பி உலைப்பட்டறையில் ஓடிய பழைய ப்ளோவர் கிடந்தது, ஒரு பக்கம் காற்றை இழுத்து மறுபக்கம் தள்ளுவது. மோட்டார் நன்றாக இருந்தது. கேட்டேன். "எடுத்துக்கும், தம்பிடி தரமாட்டேன்" என்றார். தகரக்காரனிடம் சொல்லி, கத்தி சுழலும் இடத்துக்கு மேலே ஒரு கூடு செய்து கவிழ்த்தேன். கூட்டிலிருந்து ப்ளோவருக்கு ஒரு குழாய். ப்ளோவரிலிருந்து சுவரைத் துளைத்து இன்னொரு குழாய். சீவல் போய் விழ உள்ளே இடமில்லை, அதனால் சந்தில் ஒரு பெரிய பையைத் தொங்கவிட்டேன். மழைக்காலம். தாராவியில் மழைக்கு நனையக்கூடாதது எதுவானாலும் தார்ப்பாய்தான். பையையும் தார்ப்பாயிலேயே தைத்தேன். ஒரு பொட்டுத் தூள் வெளியே வரக்கூடாது என்று தையலின்மேல் தாரும் பூசினேன்.

முதல் பலகைக்கு நன்றாகத்தான் இழுத்தது. அடுத்த பலகை பாதி போகும்முன் கூட்டுக்குள் சீவல் அடைத்துக்கொண்டது. பலகையை இழுக்கும் உருளைக்கடியில் சிக்கிய சீவல் பலகையில் குழிகுழியாகப் பதிந்தது. முதலாளி பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு அதைக் கழிவோடு ஒதுக்கி வைத்தார். ஏசியிருந்தால்கூடத் தேவலை.

சந்துக்குப் போய்ப் பார்த்தேன். பை விம்மிப் புடைத்துக் கல்போல இருந்தது. காற்று உள்ளே போய் நிற்கிறது, வெளியேற வழியில்லை. அது அப்போதுதான் உறைத்தது. அவசரத்தில் உளியை எடுத்து ஒரு குத்துக் குத்தினேன்.

குழாய் மறுபடி இழுக்கத் தொடங்கிய சத்தம் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். ஒரு மூச்சு நேரம்தான். நான் குத்திய ஓட்டை சைனப் ஜன்னலுக்கு நேரே இருந்தது.

"யா அல்லா! அடப்பாவி மனுசா, நிறுத்துங்க!"

ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். வெளியே வந்தபோது அவள் வாசலில் நின்றாள். தலை, புருவம், மூக்கு எல்லாம் தேக்குத் தூள்.

"துணி?" என்றேன்.

"போர்வைய இழுத்து மூடிட்டேன். இல்லன்னா இன்னிக்கு ஒங்களத் தொவைச்சுக் காயப்போட்டிருப்பேன்." மூடும்முன் தூள் பட்ட ரெண்டு பாவாடையைக் கொண்டுவந்து சந்தில் உதறினாள். காய்ந்த தூள், தேய்க்காததால் உதிர்ந்துவிட்டது. பிறகு பையைத் தொட்டுப் பார்த்தாள். "தார்ப்பாயிலயா தச்சீங்க? ஒரு ஆள இதுல மூட்டகட்டி மூச்சு விடுன்னா விடுவானா?"

"மழ பெய்யுதேம்மா."

"மழைக்குன்னா மேல கூரை போடுங்க. பைய துணியில தையுங்க. நெருக்க நெய்த காடா இருந்தா காத்து கசியும், தூளு தங்கும். நானே தச்சுத் தாரேன். கூலியும் துணிக்காசும் தனி, ஆமா. பழைய பாக்கியோட சேத்துக் கொழப்பாதீங்க."

காடாத் துணியில் இரட்டை மடிப்பாக, என் உயரத்துக்கு ஒரு பை தைத்துத் தந்தாள். தார்ப்பாயைப் பிரித்து அதற்குமேல் பந்தலாகக் கட்டினேன். மிஷினை ஓட்டினேன். பை மெல்லப் புடைத்து, மூச்சு விடுகிற வயிறுபோல ஏறி இறங்கியது. கூடு அடைக்கவில்லை. சைனப் ஜன்னல் கட்டையில் விரலால் தேய்த்துப் பார்த்தாள். பொடிபோலக் கொஞ்சம் வந்தது. "இது பரவால்ல, துடைச்சுக்கிடலாம்" என்றாள். சனிக்கிழமை அவள் மூட்டை மாட்டுங்கா போனது, திரும்பி வரவில்லை.

சீவல் வாங்கிப்போக வழக்கம்போல மன்சூர் அலி வந்தார். காட்கோபரில் கண்ணாடிச் சாமானை உடையாமல் சீவல் வைத்துக் கட்டுகிறவர்களுக்குக் கொடுப்பவர். பையை அவிழ்த்துக் கைவிட்டு அள்ளினார்.

"க்யா பாத் ஹை! மண்ணில்ல, ஆணியில்ல, பீடித்துண்டு இல்ல. இதுக்கு டபுள் ரேட்டு."

முதலாளி உள்ளேயிருந்து எழுந்து வந்தார். "ரூவாய என்கிட்ட குடும் பாய். ப்ளோவர் என்னுது, கரண்டு என்னுது. இனிமே சீவலும் பட்டறைக்குத்தான்."

வாடகை, சைனப் பாக்கி இரண்டும் அந்தப் பையில்தான் இருந்தன. வாயைத் திறந்தால் வேலையும் போகும்.

தையல்கூலி வாங்க வந்து நின்ற சைனப் முந்திக்கொண்டாள். "அப்ப நல்லதாப் போச்சு மொதலாளி. சீவல் யாருக்கோ அவுகதான் தூளுக்குப் பொறுப்புன்னு நீங்கதான சொன்னீங்க? என் நாப்பத்தாறே முக்கா ரூவாய எடுங்க. மன்சூர் பாய், நீங்களும் கேட்டுக்கிடுங்க."

முதலாளி என்னை முறைத்தார், நான் சொல்லிக்கொடுத்ததுபோல. மன்சூர் அலி தராசைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

"முப்பது தாரேன்."

"பாவாடைய நீங்களே எடுத்துட்டுப் போய் உடுத்திக்கிடுங்க, முப்பதே குடுங்க."

நாற்பதில் முடிந்தது. மிச்சத்தைத் தள்ளிவிட்டேன் என்றாள். என்னிடம் திரும்பி, "அண்ணே, நமக்குள்ள இனி ஒண்ணுமில்ல" என்று சொல்லி, தையல்கூலியையும் துணிக்காசையும் அவரிடமே வாங்கிக்கொண்டு போனாள்.

மன்சூர் அலி சீவலைத் தன் சாக்கில் கொட்டி முதுகில் ஏற்றினார், நான் பையை மறுபடி குழாயில் கட்டினேன். வாடகைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முதலாளி அடுத்த பலகையைக் காட்டினார். நான் சுவிட்சைப் போட்டேன்.