உப்பில்லாத பதினோரு நாள்

இருபது வருஷமாக மரக்காணம் உப்பளத்தில் உப்பு சுமந்த அம்சவல்லியின் கஞ்சியில் பதினோரு நாளாக ஒரு கல் உப்பு இல்லை. கண் மஞ்சளாகி, சோற்றைப் பார்த்தாலே குமட்டிய அன்றைக்குப் பெருமுக்கல் வைத்தியர் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். உப்பு, புளி, எண்ணெய் மூன்றையும் தொடக்கூடாது என்று பத்தியம் சொல்லி அனுப்பினார். அவளும் தலையாட்டிவிட்டு வந்தாள். ஆட்டி ஆட்டியே பழகிய தலை அது. மாமியார் சொன்னாலும் ஆடும், மேஸ்திரி சொன்னாலும் ஆடும், வைத்தியர் சொன்னால் கேட்கவே வேண்டாம்.

அது பங்குனி மாசம். பாத்திகளில் உப்பு வெள்ளை வெளேரென்று விளைந்து கிடக்கும் நேரம். அந்த நேரத்தில் படுத்தால் வேலை போய்விடும். மேஸ்திரி தனகோடி வைத்த சட்டம் அப்படி. வர முடியாதவள் தன் வீட்டிலிருந்து ஒரு ஆளை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் மறுநாளே அவள் கூடை வேறொருத்தி தலையில் ஏறிவிடும். அதனால் மகள் பூவிழியை அனுப்பினாள் அம்சவல்லி. பூவிழிக்கு அப்போது நாலு மாசம். தெரிந்தால் தனகோடி சேர்க்கமாட்டான் என்று, வயிறு தெரியாதபடி புடவையைக் கட்டிவிட்டதும் அம்சவல்லிதான். பெற்றவள் செய்கிற காரியமா இது என்று கேட்பீர்கள். வேலை போன வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

மார்கழியில் கடல் ஊருக்குள் புகுந்து போனதிலிருந்து அந்தக் கரையில் மருத்துவ முகாமுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூடத்தில் போட்ட முகாமுக்கு லூர்துமேரி வந்திருந்தாள். நர்ஸ் வேலை பார்த்தவள், பாண்டிச்சேரியில் சீன வைத்தியமும் படித்தவள். டாக்டர் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படித்துவிட்டு, அம்சவல்லியின் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து வெகுநேரம் நாடி பார்த்தாள். பிறகு நாக்கை நீட்டச் சொன்னாள்.

"சீனாக்காரங்க கணக்குல இந்த வசந்த காலம் கல்லீரலோட காலம்மா. பச்சக் கீரை நல்லா சாப்புடணும், நல்லா தூங்கணும். இந்தா, காஞ்ச சாமந்திப்பூ. கொதிக்கிற தண்ணியில போட்டு குடி."

"பூவ தலையில வெப்பாங்க, சாமிக்குப் போடுவாங்க. நீங்க இன்னா சிஸ்டர், குடிக்கச் சொல்றீங்க!" பதினோரு நாளில் அம்சவல்லி அன்றைக்குத்தான் சிரித்தாள்.

"குடிச்சா கல்லீரல் சூடு தணியும்னு அவங்க சொல்றாங்க. ஆனா பூவ நம்பி டாக்டர் பேச்ச வுட்டுடாத. ரெஸ்ட் முக்கியம். கஞ்சிக்கு உப்பு போட்டுக்கோ, இந்த வெயில்ல உப்பில்லாம கெடந்தா மயங்கி விழுவ. இன்னொண்ணும் சொல்லுவாங்க. கோவம் தங்குற எடம் கல்லீரல்தானாம். அடக்கி அடக்கி வெச்சா அது கட்டிப்போயிடுமாம்."

அம்சவல்லிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. இருபது வருஷமாக விழுங்கியதெல்லாம் எங்கே போயிருக்கும் என்று அவளுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது.

முகாம் அடுப்பிலேயே பூவைக் கொதிக்கவைத்து ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள் லூர்துமேரி. கொடுத்துக்கொண்டே கேட்டாள். "உங்கூட வேல செய்றவங்க வேற யாருக்காவது காமாலை இருக்குதா?"

"சாலம்மாளுக்கு, திரௌபதிக்கு, அப்புறம்... என்னோட சேத்து ஆறு பேரு."

"ஆறு பேரும் எங்க தண்ணி குடிக்கிறீங்க?"

"அளத்துல ஒரு டிரம்மு இருக்குது."

"சீட்டுல தண்ணியால வந்த காமாலைன்னுதான் எழுதியிருக்குது. இப்ப உன் எடத்துல யாரு வேல செய்றா?"

"எம் பொண்ணு. முழுகாம இருக்கா சிஸ்டர், யாருக்கும் சொல்லல."

லூர்துமேரியின் முகம் மாறிவிட்டது. "முழுகாம இருக்குறவளுக்கு இந்தக் காமாலை வந்தா உயிருக்கே ஆபத்தும்மா. தாயிக்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து."

அம்சவல்லி வீட்டுக்குப் போகவில்லை. பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக உப்பளத்துக்கு நடந்தாள். கால் தள்ளாடியது, கண் இருட்டியது, ஆனாலும் நிற்கவில்லை. தன் கையாலேயே மகளை அந்த டிரம்முக்கு அனுப்பிவிட்டோமே என்ற நினைப்புதான் அவளை நடக்கவைத்தது.

வரப்போரத்தில் மூடியில்லாமல் நின்றது அந்த நீல டிரம். மூன்று நாளைக்கு ஒருமுறை எந்தக் குட்டையிலிருந்தோ டிராக்டரில் வந்து நிரம்பும் தண்ணீர். இப்போது பாதிதான் இருந்தது. உள்ளே பாசி, மேலே ஒரு காக்கா இறகு. இதையா இத்தனை நாள் குடித்தோம் என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"இன்னா அம்சவல்லி, ஒடம்பு சரியாச்சா?" என்றபடி தனகோடி வந்தான். "மொதலாளி கீழாநெல்லிப் பொடி குடுத்தனுப்பியிருக்காரு. எல்லாரும் வெறும் வயித்துல சாப்புடுங்க, காமாலை கிட்ட வராது."

"பொடியும் நீயே குடுக்குற, காமாலையும் நீயே குடுக்குறியா?"

தனகோடிக்குப் புரியவில்லை. புரியவைக்க அவளுக்குப் பொறுமையும் இல்லை. டிரம்மின் விளிம்பில் இரண்டு கையையும் வைத்தாள். பதினோரு நாள் பத்தியத்தில் காய்ந்த உடம்பு, முதல் தள்ளலுக்கு டிரம் அசையவே இல்லை. இரண்டாவது தள்ளலுக்கு ஆடியது. மூன்றாவதுக்குக் கவிழ்ந்து, பாசியும் இறகுமாக வரப்பில் ஓடியது.

"பைத்தியமா உனக்கு? இந்த வெயில்ல இத்தன பேரு இன்னாத்த குடிப்பாங்க?"

"நல்ல தண்ணி கொண்டா, குடிப்பாங்க. எம் பொண்ணு முழுகாம இருக்கா. அவ இத இனிமே குடிக்கமாட்டா."

"முழுகாம இருக்காளா? மறச்சா அனுப்புன? உன் எடம் போச்சு. ரெண்டு பேரும் இந்தப் பக்கமே வராதீங்க."

இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் அவள் இருபது வருஷம் தலையாட்டினாள். சொல்லியாகிவிட்டது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"எடம் உன்னுது, வெச்சிக்கோ. பொண்ணு என்னுது," என்றாள். "பூவிழி, கூடைய எறக்கு."

பூவிழி மேஸ்திரியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கூடையை இறக்கினாள். அவளுக்குப் பின்னால் வந்த லட்சுமியம்மாளும் இறக்கிவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். அவள் தங்கச்சிக்கும் காமாலை. அப்புறம் இன்னும் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள், ஆனால் யாரும் கூடையைத் தூக்கவில்லை. உச்சி வெயிலில் தண்ணீர் இல்லாமல் யார் தூக்குவார்கள்? கொஞ்ச நேரம் கத்திப் பார்த்த தனகோடி, கடைசியில் டிராக்டர்க்காரனைக் கூப்பிட்டு, டிரம்மைக் கழுவிவிட்டு ஊர் பைப்பில் பிடித்துவரச் சொன்னான்.

அம்சவல்லி பாட்டிலை மகளிடம் நீட்டினாள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள் பூவிழி.

"கசக்குதும்மா."

"குடி. கொதிக்க வெச்ச தண்ணி."

"எடம் போயிடுச்சே, நாளைக்குக் கஞ்சிக்கு இன்னாம்மா பண்ணுவ?"

அம்சவல்லி தனகோடியின் கண் முன்னாலேயே குவியலிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மொதல்ல உப்பு போட்டுக் குடிப்போம்டி," என்றாள்.