பாதி இழைத்த பலகை

ஈரத்துணியால் மூன்றாவது முறை துடைத்தும் மாமனாரின் வலது உள்ளங்கையில் இருந்த கறுப்புத் தடம் போகவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே, தீக்குச்சி நீளத்துக்கு ஒரு கோடு. மாமியார் துணியைப் பிழிந்துவிட்டு மறுபடியும் அந்தக் கையை எடுத்தாள். எதிரே தண்ணீர்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறையில் பதினோரு வருஷமாக வேலை பார்ப்பவள் அவள். கரன்ட் புகுந்த இடத்தில் தோல் எப்படிக் கறுக்கும் என்று பார்த்திருக்கிறாள். இது அப்படித்தான் இருந்தது. அப்படி இல்லை என்றும் தோன்றியது. கிட்டப் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"என்னம்மா அது, கையில?" என்று கதவருகே நின்ற நாத்தனார் கேட்டாள்.

மாமியார் துணியைச் சட்டியில் முக்கி எடுத்தாள்.

"அந்த மிஷின்தான். நான் அப்பவே சொன்னேன். அறுபத்தெட்டு வயசுல எதுக்கு அந்தக் காயலான் இரும்பு? யார் கேட்டாங்க?"

சொன்னது அம்மாவிடம். பார்த்தது தம்பி பெண்டாட்டியை.

பன்னிரண்டு மணிக்கு வந்த தெருக்கோடி டாக்டர் உயிரில்லாத உடம்பைப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி நெஞ்சு வலி, மூச்சு வாங்குறது, அப்படி ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டிருந்தார். மாமியார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன செஞ்சிட்டிருந்தார்?" என்றதற்கு, "மிஷின் ஓட்டிட்டு இருந்தார்" என்றான் மகன். டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"க்ளினிக்கை முடிச்சிட்டு மூணு மணிக்கு வரேன். எல்லாரும் யோசிச்சு வைங்க. கரன்ட் சம்பந்தம்னா நான் சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், போலீஸுக்கும் சொல்லணும்."

இப்போது மணி இரண்டே கால்.

சட்டியைக் கொல்லைப்பக்கம் கொட்டிவிட்டு மருமகள் கொட்டகையைப் பார்த்தாள். தகரக் கதவு ஒருக்களித்திருந்தது. மாமனார் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து, மூடிப்போன ஒரு தொழிற்பள்ளியில் ஏலம் விட்ட மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அறுக்கும், இழைக்கும், துளை போடும், காடிப் பள்ளம் எடுக்கும். ஒரே மோட்டாரில் நாலு வேலை. வந்தபோது துரு தின்று, சக்கரம்கூடத் திரும்பவில்லை. எட்டு மாதம் மாமனாரும் மருமகளுமாக அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தேய்த்து, பேரிங் மாற்றி எழுப்பினார்கள். அதை அவர் வண்டி என்றுதான் சொல்வார். எந்தத் திருகை இறுக்கி முடித்தாலும் "ரைட், போலாம்!" என்று கத்துவார்.

மரவேலை அவருடையது. கரன்ட் வேலை முழுக்க அவளுடையது. எரிந்துபோன மோட்டாருக்குப் பதில் புதிது, பழைய கத்தி ஸ்விட்சுக்குப் பதில் பச்சையும் சிவப்புமாய்ப் பொத்தான் வைத்த ஸ்டார்ட்டர், புது ஒயர். ஒன்றுதான் பாக்கி. கரன்ட் கசிந்தால் கண் இமைப்பதற்குள் வெட்டிவிடும் டிரிப்பர். அது இன்னும் கடையில் இருந்தது.

"சனிக்கிழமை மாட்டிடறேன் மாமா. அதுவரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லியிருந்தாள். ஆனால் நேற்று வேலை முடிந்து களைத்து வந்தவளிடம் அவர் செருப்பைக் கழற்றக்கூட விடாமல், "ஒரே ஒரு பலகை இழைச்சுப் பார்த்துக்கறேனே?" என்று கெஞ்சினார்.

"சரி, போடுங்க. ஒண்ணும் ஆகாது."

அவள் வாயால் சொன்னது. வேறு யார் காதிலும் விழவில்லை.

எர்த் ஒயரின் திருகை இறுக்கினோமா? காலையிலிருந்து இந்த ஒரு கேள்விதான். ஒயர் ஒயராய் மாட்டியது நினைவிருக்கிறது. எர்த்துக்கு வரும்போது கணவன் சாப்பிடக் கூப்பிட்டான். எழுந்து போனாள். திரும்பி வந்தாள். இறுக்கினாளா?

பட்டறைப் பையை எடுத்துக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

உள்ளே மரத்தூள் வாசனை. சுவரோரம் குவிந்திருந்த மரச்சீவலில் மாமனார் உட்கார்ந்து சரிந்த பள்ளம் அப்படியே இருந்தது. இழைக்கும் வாயில் ஒரு பலகை பாதி போய் நின்றிருந்தது. இந்தப் பக்கம் சொரசொரவென்று அழுக்கேறிய மரம். அந்தப் பக்கம் சந்தனக் கட்டை மாதிரி வழவழப்பு.

ப்யூஸ் கட்டையைக் கணவன் காலையிலேயே பிடுங்கி ஜன்னலில் வைத்திருந்தான். அவள் குத்துக்காலிட்டு மோட்டார் மூடியைத் திறந்தாள். திருப்புளி இரண்டு முறை வழுக்கியது. எர்த் திருகில் வைத்துத் திருகினாள். நகரவில்லை. பல்லைக் கடித்து இன்னும் அழுத்தினாள். அரைக்கால் சுற்றுகூட நகரவில்லை. இறுக்கித்தான் இருந்தது.

மூச்சு வந்தது. பாதி மூச்சுதான். மீட்டரை வைத்துப் பார்த்தாள், சரி. கசிவு பார்க்கும் மெக்கரின் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தாள், காயிலிலிருந்து மோட்டார் உடம்புக்குக் கசிவில்லை. ஆனால் நிற்கிற மோட்டார் வேறு, ஓடுகிற மோட்டார் வேறு. அதிர்வில் ஏதாவது ஒரு ஒயர் உரசினால்? ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். சாவு வீட்டில் மிஷின் ஓட்டினால் என்ன பேசுவார்கள் என்றும் தெரியும்.

ப்யூஸைச் செருகினாள். பலகை உள்ளே இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணக் கூடாது. அது அவளுக்கு ஞாபகமே வரவில்லை. பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.

மிஷின் ஒரு கணம் முனகிவிட்டு எழுந்தது. பலகை நகர ஆரம்பித்தது. மீட்டர் ஒயரின் முனையை மிஷினின் வார்ப்பிரும்பு உடம்பில் வைக்கக் குனிந்தவளின் தலைக்கு மேலே ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தாள். மாமியார்.

"அத்தை, தொடாதீங்க!"

மாமியார் ஈரக் கையை மிஷினின் மேசைமேல் உள்ளங்கை முழுவதும் படும்படி வைத்துவிட்டாள்.

மாமியாரின் கண்கள் இறுக மூடியிருந்தன. உதடு கோணியிருந்தது. மிஷினோடு சேர்ந்து கை அதிர்ந்தது. வளையல்கள் கிணுகிணுத்தன. ஒன்று, இரண்டு, மூன்று. பலகை மெல்ல ஊர்ந்து அந்தப் பக்கம் முழுதாக வெளியே வந்து, சீவல் குவியலில் சத்தமில்லாமல் விழுந்தது.

மாமியார் கண்ணைத் திறந்தாள். கை அங்கேயே இருந்தது.

மருமகள் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். கொட்டகை நிசப்தமாயிற்று. வீட்டுக்குள்ளும் பேச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"உங்களுக்குப் பைத்தியமா? மீட்டர் வெச்சுப் பார்க்கத்தானே வந்தேன்? ஒரு நிமிஷம் பொறுக்கக் கூடாதா?"

"மீட்டர் சொல்றது உனக்குப் புரியும். எனக்கு என்ன புரியும்?"

"ஈரக் கை அத்தை!"

"ஒண்ணுமே இல்லையே" என்றாள் மாமியார். அந்தக் குரலில் நிம்மதி இல்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுவா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்டி."

மருமகள் மீட்டரைக் கீழே வைத்தாள். "எது?"

"இந்த மிஷின். நீ போட்ட கரன்ட்." மாமியார் மெதுவாகச் சீவல்மேல் உட்கார்ந்தாள். "மூணு நாளா இங்க வலிக்குதுன்னு நெஞ்சைத் தடவிக்கிட்டிருந்தார். டாக்டர்கிட்ட போலாம்னேன். வாயுதான், விடுன்னார். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதாம். தெரிஞ்சா நீ கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்புல செருகிப்பியாம். நானும் சிரிச்சிட்டேன். சரி, இந்தப் பலகை முடியட்டும்னு விட்டுட்டேன்."

"கையில அந்தத் தடம்?" என்றாள் மருமகள்.

"அதுவா? பெல்ட் மாட்டும்போது பட்ட மசி. நாலு நாளா இருக்கு. சோப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு."

"மிஷினை யார் நிறுத்தினது? நீங்களா?"

"எனக்கு எந்தப் பொத்தான்னு என்ன தெரியும்? சத்தம் தானா நின்னுது. பலகை முடிஞ்சு போச்சாக்கும்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வந்து பார்த்தேன்."

அப்படியானால் அவரேதான் நிறுத்தியிருக்கிறார். கரன்ட் பிடித்துக்கொண்டவன் கையை நீட்டிப் பொத்தான் தேட முடியாது. வலி வந்ததும், ஓரங்கட்டி வண்டியை நிறுத்துகிறவர் மாதிரி, சிவப்பை அமுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவள்மேல் தப்பில்லை. மனசு அதைக் கேட்டுக்கொண்டது, ஆனாலும் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கி மறுபடி ஜன்னலில் வைத்தாள்.

"பிள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள் மாமியார். "பொண்ணு என்னைச் சும்மா விடுவாளா?"

"சொல்லாட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாங்க அத்தை. அறுப்பாங்க."

மாமியார் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

டாக்டர் மூன்றுக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். அவர் கேட்பதற்கு முன்பே மாமியார், "மூணு நாளா நெஞ்சு வலி இருந்துச்சு. நான்தான் சொல்லல" என்றாள். இடது தோளுக்கும் வந்ததா, வியர்த்ததா என்று டாக்டர் கேட்டார். ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினாள். மிஷினைப் பற்றிக் கேட்டபோது மருமகள் மீட்டரில் பார்த்ததைச் சொன்னாள். குரல் சீராகத்தான் வந்தது. டாக்டர் அந்த உள்ளங்கையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"ஏம்மா!" என்றாள் நாத்தனார். "ஒரு போன் பண்ண உனக்கு முடியலையா? மூணு நாள்மா!"

மாமியார் சுவரில் சாய்ந்து நின்றாள். மகன் அம்மாவையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. மருமகளுக்குத் தொண்டைவரை வந்தது: நேத்து நானும்தான் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். அதைச் சொல்லியிருந்தால் அந்தக் கிழவி தனியாக நின்றிருக்க மாட்டாள். வாய் திறக்கவில்லை. திறக்கப் பயமாக இருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டினார்.

ஐந்து மணிக்கு வண்டி வந்தது. தூக்குவதற்கு முன்னால் ஒவ்வொருவராகக் குனிந்து அவரைத் தொட்டுவிட்டு விலகினார்கள். "நீயும் போ" என்று கணவன் அவளை முன்னே விட்டான்.

சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு நெற்றியில் கை வைத்தாள். வைத்த பிறகுதான் கவனித்தாள், புறங்கை. கரன்ட் இருக்கிறதோ என்னவோ என்று தெரியாத எதையும் புறங்கையால்தான் தொட வேண்டும். உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும், விடாது. பட்டறையில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது.

வெளியே வண்டிக்காரர் பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். கையைத் திருப்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.