சத்தம் போடாத கேமரா

கேமரா வீட்டுக்கு வந்த அன்று அது முதலில் கற்றுக்கொண்ட முகம் அவளுடையது. சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் அவளை உட்காரவைத்து, நேராகப் பார்க்கச் சொல்லி, கணவர் ஒரு பொத்தானை அழுத்தினார். "இனிமே எவ்வளவு பெரிய கூட்டத்துல நீ நின்னாலும் இது மொதல்ல உன் கண்ணைத்தான் தேடும்," என்றார். திரையில் அவளுடைய இடக்கண்ணின் மேல் சின்னக் கட்டம் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. அவள் தலையைத் திருப்பினாள். கட்டமும் கூடவே திரும்பியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் சொன்ன இனிப்பான பேச்சு என்று தேடினால் இது ஒன்றுதான் தேறும், இதையும் கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று கேலி செய்தாள். ஆனாலும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிருந்தாள்.

அந்தக் கேமராவை வாங்கச் சொன்னதே அவள்தான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் படக்காரர் என்று கூப்பிடும் அவருக்குக் கல்யாண வீடுகளும் பள்ளிக்கூடக் குரூப் போட்டோக்களும்தான் பிழைப்பு. பழைய கேமராவைச் சுமந்து சுமந்து வலது தோள் இறங்கிப்போய், சட்டை மாட்டவே கை தூக்க முடியாமல் ஆகியிருந்தது. அவர் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, போனில் அதைப் பற்றி வந்ததையெல்லாம் அவள் பாடம் ஒப்பிப்பது போலப் படித்துக் காட்டினாள். கைக்கு அடக்கம், ஆனால் உள்ளே இருக்கும் சென்சார் பெரிய கேமராவில் இருப்பதேதான். கை நடுங்கினாலும் படம் நடுங்காது, மங்கிய வெளிச்சத்திலும் ஃபிளாஷ் வேண்டாம். திரையைச் சாய்த்து வைத்து இடுப்பளவிலிருந்தே எடுக்கலாம். தொழில்காரர்களுக்கென்று இரண்டு மெமரி கார்டு; ஒன்று கெட்டாலும் இன்னொன்றில் படம் பத்திரமாக இருக்கும்.

"பழசுல இருக்கிற கண்ணாடி இதுக்குள்ள கிடையவே கிடையாதாம்," என்றாள். "நம்ம பெட்ரூம் மாதிரி."

அவர் சிரிக்கவில்லை. அந்த அறையிலிருந்த கண்ணாடியை அவரேதான் ஒருநாள் கழற்றி எடுத்துப்போய் ஹாலில் மாட்டினார். அவளுக்கு முடி கொட்டிப்போன வருஷம் அது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. தலையணையில் கொத்தாகக் கிடந்து, பிறகு சீப்போடு வந்து, கடைசியில் புருவம்கூட மிச்சமில்லை. உடம்புக்கு ஒன்றும் ஆபத்தில்லை என்றார் டாக்டர். அன்றிலிருந்து விக் வைத்துக்கொண்டு, புருவம் வரைந்துகொண்டுதான் வாசலைத் தாண்டுவாள். விஷயம் அவளுக்கும் அவருக்கும் அவளுடைய அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பது அவள் வேலை. நாள் முழுக்க யாரோ ஒருவரின் கைமேல் குனிந்தபடி இருக்கவேண்டும். குனியும் ஒவ்வொரு தடவையும் மனதின் ஒரு ஓரம் தலையில் விக்கை ஒட்டியிருக்கும் பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து படுக்கையறைக் கதவைச் சாத்தி, விக்கைக் கழற்றி வைத்தபிறகுதான் அவளுக்கு மூச்சே முழுசாக வரும்.

பழைய கேமரா 'டபக்' என்று ஊரைக் கூட்டும். புதியது வாயே திறக்காது. ஒரு விடுமுறைநாள் காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, விக்கை மடியில் போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் நல்ல வெயில். அறை வாசற்படியில் அவர் கேமராவை வயிற்றோடு பிடித்துத் துடைப்பது போல நின்றார். அதன் ஓரத்தில் ஊசிமுனை அளவு விளக்கு ஒன்று மினுக்கியதை மட்டும் அவள் பார்க்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு எதுவும் தெரிந்திருக்காது.

"எடுத்தீங்களா?"

"ஒண்ணுதான்."

"அழிச்சிடுங்க."

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் படத்தைப் பார்க்காமல் அவருடைய கட்டைவிரலை மட்டும் பார்த்தாள். குப்பைத்தொட்டி போட்ட பொத்தானை அது அழுத்தியது. திரை கறுத்தது. "போதுமா?" என்று கேட்டு அவள் தலையில் கை வைத்தார். ஆசையாக எடுத்ததைச் சொன்னவுடனே அழித்துவிட்டாரே என்று அவளுக்குத்தான் பாவமாகப் போய்விட்டது. அன்றைக்கு அவர் கேட்காமலே இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தாள்.

மழைக்காலம் முடிந்த பிறகு அவருடைய படம் ஒன்று பெரிய கண்காட்சிக்குத் தேர்வாகிப் பரிசும் வந்தது. எந்தப் படம் என்று கேட்டதற்கு, "வந்து பாரு" என்று மட்டும் சொன்னார். வாழ்நாள் முழுக்க மாப்பிள்ளைகளின் மோவாயைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்த மனுஷனுக்கு இப்படி ஒரு நாள் வந்ததே என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பரிசோதனைக் கூடத்தில் ரிசப்ஷனில் இருக்கும் ரேடியோ அக்காவிடம் சொல்லிவிட்டாள். வாய் ஓயாத அந்த அக்காவிடம் சொன்னால் உலகத்துக்கே சொன்ன மாதிரி. கணவர் தன் வேனில் முன்னாடியே போய்விட, திறப்புவிழா மாலையில் அவளும் அக்காவும் சேர்ந்து பஸ் பிடித்துப் போனார்கள்.

வெள்ளைச் சுவர்கள். ஒவ்வொரு படத்துக்கும் மேலிருந்து தனி விளக்கு. அக்கா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று ஒரு அபிப்பிராயம் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசிச் சுவரில் கூட்டம் அதிகமாக இருந்தது. "ஏதோ விசேஷமான படம்போல," என்று அக்கா இடுக்கில் புகுந்தாள். அவளும் பின்னாலேயே புகுந்தாள்.

கட்டில் விளிம்பில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலையின் வளைவு முழுக்க ஜன்னல் வெயில் வழிந்திருந்தது. காதுக்கு மேலே மிஞ்சியிருந்த பூனைமுடிகூட எண்ணுகிற மாதிரித் தெரிந்தது. புருவமில்லாத நெற்றி. மடியில் செத்த பிராணி போல அந்த விக், அதில் குத்தியபடி ஒரு சீப்பு. கீழே ஒரு அட்டை: 'என் வீட்டு வெளிச்சம். முதல் பரிசு. விற்பனைக்கு அல்ல.'

"கேன்சரா இருக்கும், பாவம்," என்று பக்கத்தில் ஒரு பெண் கிசுகிசுத்தாள். யாரும் திரும்பி இவளைப் பார்க்கவில்லை. தலைநிறைய முடியோடு நிற்கிறவளை எதற்குப் பார்க்கவேண்டும்?

"யாரு பெத்த பொண்ணோ, இதைப் போய்…" என்று ஆரம்பித்த அக்கா பாதியில் நின்றாள். தினமும் எதிரே பார்க்கிற கண் அது. அக்கா படத்தைப் பார்த்தாள், இவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அந்த வாய் மூடிக்கிடந்ததை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு, "எனக்குக் கால் வலிக்குதும்மா. வெளிய போய் உக்காரலாமா?" என்று கேட்டாள்.

வெளியே போகும் வழியில், தடுப்புக்குப் பின்னாலிருந்த நடையில் படக்காரர் வந்து சேர்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை. பரீட்சை பேப்பரை வாங்க வந்த பையனைப் போல அவள் முகத்தையே பார்த்தார்.

"என் கண் முன்னாடிதானே அழிச்சீங்க," என்றாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு கார்டும்மா. ஒண்ணுல அழிச்சா இன்னொண்ணுல அப்படியே இருக்கும். அப்ப எனக்கும் ஞாபகம் இல்ல, சத்தியமா. அப்புறமா பார்த்தப்பதான்…"

"பார்த்தப்ப சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேணாம்னு இருப்ப."

"அதனால கேக்கல."

"நீ அதுல எவ்வளவு அழகா இருக்கேன்னு உனக்குத் தெரியல. நான் உன்னை எப்படிப் பார்க்கிறேன்னு உனக்கு ஒரு தடவை காட்டணும்னு இருந்துச்சு."

"எனக்குக் காட்ட நம்ம வீட்டுல சுவர் இல்லையா?"

 பொய் சொல்கிற முகமாக இல்லை அது. அதுதான் அவளுக்கு இன்னும் தாங்கமுடியாமல் இருந்தது. "வேற எத்தனை எடுத்தீங்க?" என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்சம் இருக்கு," என்றார். அவள் மனம் வீட்டுக்கு ஓடியது. குளித்துவிட்டு வந்த காலைகள். காய்ச்சலில் வாயைப் பிளந்து தூங்கிய மத்தியானம். ஒருநாள் காரணமில்லாமல் தலையணையில் முகம் புதைத்து அழுதது. ஒவ்வொன்றிலும் அந்தக் கறுப்புப் பெட்டி எங்கே இருந்தது, அலமாரி மேலா, அவர் மடியிலா என்று தேடினாள். ஒன்றிலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷம் சாத்தியே வைத்திருந்த கதவு திறந்துதான் கிடந்திருக்கிறது.

கண்காட்சியை நடத்தும் அம்மாள் அந்த வழியாக வந்தார். அவள் அந்த அம்மாளிடம் போய், அந்தப் படத்தில் இருப்பது தான்தான் என்றும் அதை எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னாள். அந்த அம்மாள் ஒருமுறை அவள் தலையைப் பார்த்துவிட்டு, பார்த்ததற்காகக் கூசிப்போனார். "படம் சாரோடதும்மா. அவர் ஒரு வார்த்தை சொன்னா இப்பவே எடுத்துடறோம்," என்றார்.

இருவரும் படக்காரரைப் பார்த்தார்கள். அவர் அங்கே தெரிந்த சுவரையும் அதன் முன்னால் நின்ற கூட்டத்தையும் பார்த்தார். அவர் எடுத்த எந்தப் படத்தின் முன்னாலும் அப்படி யாரும் நின்றதில்லை.

"நாளைக்குத்தானே பரிசு குடுக்கிறாங்க," என்றார் மெதுவாக. "அதுவரைக்கும் இருக்கட்டுமேம்மா. நீன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுதே தம்பி," என்றாள் பின்னால் நின்ற ரேடியோ அக்கா.

அவள் திரும்பி அந்தச் சுவரை நோக்கி நடந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துத் தூக்கினாள். ஒரு பக்கம் கொக்கியிலிருந்து வந்துவிட்டது, மறுபக்கம் வரவில்லை. அக்கா வந்து அந்த மூலையைத் தூக்கிக் கொடுத்தாள். யாரோ "என்னங்க, என்னங்க" என்றார்கள். கண்காட்சி அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு வழிவிட்டு நின்றார்.

வாசலில் படக்காரர் ஓடிவந்து வேனின் பின்கதவைத் திறந்து பிடித்தார். "உள்ள வெச்சிடலாம்மா. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்." இரண்டு பெண்களும் அவரைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

பஸ்ஸில் சட்டத்தின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, முட்டியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் வந்து, "கண்ணாடியா? பார்த்துப் பிடிங்க, முன்னாடி பள்ளமா இருக்கு," என்றார். அக்கா டிக்கெட் வாங்கினாள்.  பின்கண்ணாடி வழியே வேனின் விளக்குகள் தெரிந்தன. பஸ் நின்ற இடத்திலெல்லாம் அதுவும் நின்றது. முந்தவும் இல்லை, நெருங்கவும் இல்லை.

அவள் வீட்டுத் தெருமுனை வந்தது. அக்கா எழுந்துகொள்ளப் பார்த்து அவள் முகத்தைக் கவனித்தாள். அவள் உட்கார்ந்தே இருந்தாள்; அக்காவும் உட்கார்ந்துவிட்டாள். ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பின்னால் வேன் இடதுபக்க விளக்கை மினுக்கி, அவர்களுடைய தெருவுக்குள் திரும்பியது. கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நேராகப் போயிற்று.